நாற்பத்தொன்பது

மட்டை பிடித்தவர்களுக்குக் கைத்தட்டல்.
எனக்கு இரண்டு பென்சில், ஓர் அழிப்பான்,
காற்றில் தாள் பறக்காமலிருக்க
நாலு துணிக்கவ்விகள்.

பதினான்கு கோடைகள்
வீட்ஸ்கே வீசிய ஒவ்வொரு பந்தும்
என் கையெழுத்தில்தான் இருக்கிறது.
ஓட்டம் தராத பந்துக்கு ஒரு புள்ளி.
அவளுடைய பக்கங்களைத் தள்ளி வைத்துப் பார்த்தால்
சர்க்கரை டப்பாவைக் கண்டுபிடித்துவிட்ட எறும்புகள்.

இடக்கைச் சுழல்.
மற்ற நாட்களில் ஹேக் நகரில்
கடற்கரைக்குப் போகும் டிராமை ஓட்டுவாள்.
வருடத்துக்கு இருபத்திரண்டு நாள் விடுப்பு,
அத்தனையும் ஆட்டத்துக்கே போனது.
டென்மார்க்குக்குப் பேருந்தில் போனோம்.
அயர்லாந்துக்குக் கப்பலில்,
வழியெல்லாம் வாந்தி எடுத்தாள்,
மறுநாள் பத்து ஓவரில் பதினேழு ஓட்டம்தான் கொடுத்தாள்.
சீருடை அவரவர் செலவு.
அந்த ஆரஞ்சு
முதல் சலவையிலேயே கேரட் சூப் ஆகிவிடும்.

எங்களுக்குப் புல் ஆடுகளம் கிடையாது.
தென்னை நிற்கும் ஏதோ கரையிலிருந்து வந்த
கயிற்றுப் பாய்.
அதை விரித்து ஆணி அடிப்பதும் ஆட்டக்காரிகளே.
வீட்ஸ்கே மண்டியிட்டு அடிப்பாள்,
மிச்ச ஆணிகளைப் பல்லில் கவ்விக்கொண்டு.
எந்த மூலை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்பது
அவளுக்கு மட்டும் தெரியும்.
அதற்கு என் ஏட்டில் கட்டம் இல்லை.

ஆங்கிலேயப் பெண்கள் முந்நூறைத் தாண்டிய அன்று
பார்க்க வந்தவர்கள் ஒன்பது பேர், ஒரு நாய்.
அன்றும் அவள்
வழி கேட்டவருக்கு விலாசம் சொல்கிறவளைப் போல
அவசரமில்லாமல் போட்டுக்கொண்டிருந்தாள்.
நாய் தூங்கிவிட்டது.

கடைசி ஆட்டம் முடிந்து கூட்டினேன்.
நாற்பத்தொன்பது விக்கெட்.
இன்னொரு முறை கூட்டினேன்.
ஐம்பதென்றால் சங்கத்தில் வெள்ளித் தட்டு தருவார்கள்.
நாற்பத்தொன்பதுக்குத் தலைவர் கை குலுக்கினார்,
அவளுடைய பெயரைத் தவறாக உச்சரித்து.

ஆறு வருடம் கழித்து,
நிலவறையில் தண்ணீர் ஏறி
ஏடுகளை வெயிலில் பிரித்து வைத்த நாளில் கண்டேன்.
ஸ்ஹீடாமில் தூறல் விழுந்த ஒரு மாலை.
அயர்லாந்தின் எட்டாவது விக்கெட்.
ஓவர் வீட்ஸ்கேயுடையது.
புள்ளிகள் அவளுடைய வரிசையில்.
விக்கெட்டை மட்டும்
ஒரு வரி கீழே இறக்கி
லீஸ்லோட் பெயருக்கு நேரே எழுதியிருக்கிறேன்.
மழையைச் சாக்குச் சொல்லலாம்.
ஆனால் எழுத்தில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

ஓட்டுநரோடு பேசக்கூடாது என்று
டிராமில் பலகை இருக்கிறது.
கடைசி நிறுத்தம் வரை நின்றுகொண்டே போனேன்.
அவள் ரொட்டிப் பெட்டியைத் திறந்தாள்.
சொன்னேன்.

"தெரியுமே.
அன்றைக்கே பார்த்தேன், ஆட்டம் முடிந்ததும்
உன் தோளுக்கு மேலாக."

அப்போதே சொல்வதற்கென்ன என்று
எனக்குக் கோபம்கூட வந்தது.

"லீஸ்லோட் ஆடியது மொத்தம் நாலு ஆட்டம்.
வேறு விக்கெட்டே இல்லை அவளுக்கு.
எனக்கு இன்னும் வருடங்கள் இருந்தன,
ஒன்று போனால் என்ன என்று நினைத்தேன்.
அது நாற்பத்தொன்பதில் வந்து நிற்கும் என்று
யார் கண்டது?"

பாலாடைக்கட்டியின் ஓரத்தை வெட்டி
கடற்காகத்துக்கு எறிந்தாள்.

"அவளுக்கும் தெரியும்.
இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.
டிசம்பர் தோறும்
என் பெயரின் முதலெழுத்தை
சாக்லேட்டில் வார்த்து அனுப்புகிறாள்.
பெரிய அளவில். விலை அதிகம் அது."

திருத்தக் கடிதம் எழுதலாம்,
எதிரணியின் ஏட்டைத் தேடலாம்,
சங்கத்தில் இன்னும் தட்டுகள் இருக்கும் என்று
நான் அடுக்கிக்கொண்டே போனேன்.
அவள் மடியிலிருந்த துகள்களைத் தட்டிவிட்டு
கடிகாரத்தைப் பார்த்தாள்.

"திரும்பி வருவதானால் சீட்டு எடு.
இரண்டு நிமிடம் ஏற்கெனவே தாமதம்."

சில்லறைக்காகச் சட்டைப்பையில் கைவிட்டேன்.
முதலில் வந்தது அழிப்பான்.